வீடு வந்த பிறகு...

2021 மே மாதத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். கொரோனாவின் இரண்டாம் அலை. ஸ்ரீரங்கம் கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. வீதிகளெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன.

என் கணவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். மிளகு ரசமும் நிலவேம்புக் கஷாயமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு மூச்சுத் திணறலே இல்லையே!" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மனிதர். எதிர்வீட்டு மாமி கொடுத்தனுப்பிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 84! 94-க்குக் கீழே இறங்கினாலே டாக்டரிடம் ஓட வேண்டுமாம். பிராணவாயு குறைவது சிலருக்குத் தெரிவதே இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். அந்த ஆறு நாள் இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது.

108 ஆம்புலன்ஸ் காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி அரசு மருத்துவமனையில் கொண்டு சேர்த்தது. பத்தொன்பது நாள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை, போன்தான் துணை. "குப்புறப் படுக்கச் சொல்றாங்க, கழுத்து வலிக்குது" என்பார். நர்ஸ் போனை வாங்கி, "முதுகுப் பக்கத்து நுரையீரல் அப்பத்தாம்மா நல்லா விரியும், நீங்களும் சொல்லுங்க" என்றார். தினமும் கெஞ்சினேன். ஆக்ஸிஜனோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். பழைய, விலை மலிவான மருந்து. ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரை இது காக்கும் என்று 2020 ஜூனில் இங்கிலாந்து ஆராய்ச்சியில் தெரியவந்ததாம்.

பிழைத்து வந்தார். 'கண்டம் தாண்டியாச்சு' என்று நினைத்தேன். ஆனால் எங்கள் மாடி போர்ஷனுக்குப் பதினான்கு படிகள். மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் படுக்கை. சொன்னது மறந்துபோகும். மூன்றாவது வாரம், சமையல், ரேஷன், மருந்துக் கடை என்று அலைந்து வந்த அலுப்பில் வாய் தவறிவிட்டது. "டாக்டரே நல்லாயிடுச்சுன்னு அனுப்பிட்டார். எத்தனை நாள்தான் படுத்தே இருப்பீங்க?"

அவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி தலையணை நனைந்திருந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "சோம்பல் இல்லம்மா. படுத்தே கிடந்ததுல தசையெல்லாம் வற்றிப்போச்சு. நுரையீரல் ஆற மாசக்கணக்காகும். அவசரப்படுத்தாதீங்க, அப்படியே விட்டுடவும் விடாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து வீட்டுப் பழக்கங்களை மாற்றினோம். குளியலறையில் ஒரு ஸ்டூல். மூக்கால் மூச்சை இழுத்து, அடுப்பு ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடும் பயிற்சி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பருப்பு, சுண்டல், முட்டை தினமும். நடை முதலில் கூடத்துக்குள்; பிறகு மாடிப்படி, மூன்று படிக்கு ஒரு இளைப்பாறல். மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியபோது நடுங்கிப்போனேன். கடுங்காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆவதுண்டு, தானே வளரும் என்றார் டாக்டர். வளர்ந்தது.

ஜூலை 5-ஆம் தேதி கோயில் திறந்தபோது அவரால் வீதி முனைவரைகூட நடக்க முடியவில்லை. கார்த்திகையில்தான் ராஜகோபுரம் வரை நடந்தார். வழியில் இரண்டு திண்ணைகளில் உட்கார்ந்தோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீ அவசரப்படுத்தாம இருந்ததாலதான் வந்தேன்" என்றார். அந்த ஒரு நாள் கத்தியதை அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

சகோதரிகளே, கடும் நோயிலிருந்து மீண்டு வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், "இன்னுமா முடியலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ அதிகமானால் டாக்டரிடம் போங்கள். மற்றபடி, நேற்றைவிட ஒரு படி கூட ஏறினாரா என்று பாருங்கள். அது போதும்.