மணி அடிக்க வேண்டாம், மாடே வரும்!

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நீலப் பூ போட்ட பீங்கானை வாங்கிக்கொண்டு, தேவாலயக் கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நேரம் இருக்கிறவர்கள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, தென்மேற்குப் பக்கம் மிதித்துப் பார்க்கலாம். சிறிது தூரத்திலேயே நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி.

இந்தப் பகுதிக்கு மிடன்-டெல்ஃப்லாண்ட் என்று பெயர். ஒரு பக்கம் தி ஹேக், இன்னொரு பக்கம் ரோட்டர்டாம் என்று பெரிய நகரங்கள் நெருக்கி நிற்க, நடுவில் தப்பிப் பிழைத்த பச்சை இது. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம். வரப்புக்குப் பதிலாக வாய்க்கால்தான் எல்லை. சில இடங்களில் கால்வாயின் தண்ணீர் மேலேயும், மாடு மேயும் நிலம் கீழேயும் இருப்பதைப் பார்க்கலாம். 2008-ல் நெதர்லாந்தின் முதல் 'சிட்டாஸ்லோ', அதாவது நிதானமாக வாழும் ஊர் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இந்தப் பகுதிக்குத்தான்.

அந்த நிதானத்துக்கு அடையாளம், புல்வெளியில் மேயும் கறுப்பு வெள்ளை மாடுகள். வார இறுதியில் நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு சைக்கிளில் வருவதே இவற்றைப் பார்க்கத்தான்.

தொழுவத்துக்குள் ஓர் இயந்திரக் கை

மாடு வைத்திருக்கிற வீட்டில் கல்யாணமானாலும் காய்ச்சலானாலும் கறவை நிற்காது. அதிகாலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று வருஷத்தில் 365 நாளும் அதே வேலை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். கூலிக்கு ஆள் கிடைப்பது கடினம். பிள்ளைகள் நகரத்து வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த நெருக்கடியில்தான் 1992-ல் பால் கறக்கும் ரோபோ நெதர்லாந்துப் பண்ணைகளில் வேலைக்கு வந்தது.

அதற்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்றான லேலி நிறுவனம், 1948-ல் இதே பகுதியின் மாஸ்லாண்ட் கிராமத்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. வைக்கோல் வாரும் கருவியில் ஆரம்பித்த நிறுவனம் அது. இன்று பக்கத்து ஊரான மாஸ்லயஸில் இருந்து உலகம் முழுக்க ரோபோ அனுப்புகிறது.

ரோபோ இருக்கும் தொழுவத்தில் முதலில் கவனத்தில் படுவது அமைதி. அதட்டல் இல்லை, மாடுகளை வரிசையில் நிறுத்தும் பரபரப்பு இல்லை. மடி கனத்த மாடு தானாக எழுந்து நடந்து, ஒரு கூண்டுக்குள் நுழைகிறது. கழுத்துப் பட்டையில் இருக்கும் அடையாளத்தை இயந்திரம் படித்துக்கொள்கிறது. மாட்டின் முன்னால் அதற்கென்று கணக்கிட்ட அடர்தீவனம் கொட்டுகிறது. அந்த ருசிதான் அதை இழுத்து வருகிறது.

மாடு தின்னத் தொடங்கியதும் கீழே ஒரு கை நீள்கிறது. காம்புகளைத் துடைத்து, லேசர் ஒளியால் அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக உறிஞ்சு குழாயை மாட்டுகிறது. எந்தக் காம்பில் பால் வற்றுகிறதோ அந்தக் குழாய் மட்டும் முதலில் கழன்றுகொள்ளும். ஏழெட்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். தீவன ஆசையில் சீக்கிரமே திரும்பி வந்த மாட்டுக்குத் தீவனமும் கிடையாது, கறவையும் கிடையாது. கதவு திறந்து, வெளியே அனுப்பிவிடும்.

அப்படியானால் ஆளுக்கு வேலை இல்லையா?

உண்டு. கறக்கிற வேலை போய், கவனிக்கிற வேலை வந்திருக்கிறது. காலையில் பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது செல்போனை. யார் எத்தனை முறை வந்தார்கள், எவ்வளவு கறந்தது, எந்த மடியின் பாலில் மாறுதல் தெரிகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். மடிநோய் வரப்போவதைப் பாலின் மின்கடத்தும் தன்மை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். சீம்பாலும், மருந்து போட்ட மாட்டின் பாலும் பொதுத் தொட்டிக்குப் போகாமல் பிரிக்கப்படும்.

இயந்திரத்துக்கு வராத மாட்டின் பெயரும் பட்டியலில் இருக்கும். அதைத் தேடிப் போனால் பெரும்பாலும் காரணம் காலில் இருக்கிறது. குளம்பு வலிக்கிற மாடு நடக்காது. நடக்காத மாடு கறவைக்கு வராது. அதனால்தான் குளம்பைச் சீவிப் பராமரிப்பது இங்கே அவ்வளவு முக்கியம். மடியில் முடி வளர்ந்தால் லேசர் தடுமாறும், அதையும் கவனிக்க வேண்டும். தலைச்சன் ஈன்ற கிடாரிக்குச் சில நாள் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். நடு ராத்திரியில் குழாய் சிக்கினால் செல்போன் அலறும். எழுந்து ஓட வேண்டும்.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது நம்ம ஊர் அனுபவம். இயந்திரத்துக்கு ஆடவும் பாடவும் தெரியாது. காம்புகள் கோணலாக நெருங்கியிருக்கும் மாடு, எவ்வளவு கறந்தாலும் இந்தத் தொழுவத்தில் நிலைப்பது கஷ்டம். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

புல்வெளி காலியாகிவிடுமா?

பெரிய கேள்வி வேறு. ஒரு ரோபோ சுமார் 60 மாடுகளைச் சமாளிக்கும். விலை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும். கடன் வாங்கிப் போட்ட இயந்திரம் இரவு பகலாக ஓடினால்தான் கட்டுப்படியாகும். ஆனால், தூரத்துப் புல்லில் சுகமாகப் படுத்து அசைபோடும் மாடு தொழுவத்துக்குத் திரும்ப அவசரப்படாது. எதற்கு வம்பு என்று மாடுகளை வருஷம் முழுக்க உள்ளேயே வைத்துவிடுகிற பண்ணைகளும் உண்டு. எல்லோரும் அப்படிச் செய்தால், இந்தச் சைக்கிள் பாதையின் இருபுறமும் வெறும் பச்சைதான் மிஞ்சும்.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். தொழுவத்து வாசலில் ஒரு தானியங்கிக் கதவு. கறந்து முடித்த மாடு வந்தால் புல்வெளிப் பக்கம் திறக்கும். கறவை நேரம் நெருங்கிய மாட்டை உள்ளே திருப்பிவிடும். புதுப் புல் இருக்கும் பகுதியை நேரம் பார்த்து மாற்றித் திறந்தால், மாடு அதைத் தேடி நடக்கும். போகிற வழியில் கறவையும் முடிந்துவிடும். இன்னொரு பக்கம், வருஷத்தில் குறைந்தது 120 நாள், தினமும் 6 மணி நேரம் மேயும் மாடுகளின் பால் 'மேய்ச்சல் பால்' என்ற முத்திரையோடு கடைக்கு வருகிறது. அதற்குப் பண்ணைக்குக் கூடுதல் விலையும் உண்டு. மாடு வெளியே நிற்பதற்கும் ஒரு கணக்கு இருந்தால்தானே கதவு திறக்கும்?

மிடன்-டெல்ஃப்லாண்ட் போக வசந்த காலம்தான் நல்ல நேரம். குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்த மாடுகளை முதல் முறை வெளியே விடும் நாளில், வயசான மாடுகூடக் கன்றுக்குட்டி மாதிரி காலைத் தூக்கித் துள்ளும். வேலி ஓரம் நின்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். துள்ளி ஓய்ந்து, வயிறு நிறைய மேய்ந்து, மடி கனக்கும்போது ஒவ்வொன்றாகத் தொழுவத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கும். பின்னால் ஓட்டிப்போக யாரும் இருக்க மாட்டார்கள்.