சட்டையின் விலை

துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஆனால், அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. திருப்பூரிலிருந்து நொய்யலில் கலந்த அந்நீர், பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. வயல்களும் கிணறுகளும் உப்பேறின. அணையைத் திறக்க வேண்டாமென உழவரே மன்றாடும் நிலை வந்தது.

2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் ஒரு சொட்டும் விடாதோருக்கே பின்னர் இசைவு கிடைத்தது. இன்று முறையாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரும் உப்பும் மீட்கப்பட்டுச் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. எனினும், சகதியும் பிரிக்க இயலாத கலவை உப்பும் மூட்டை மூட்டையாக எஞ்சுகின்றன.

புதுச்சட்டை வாங்குகையில் என் கண் விலைச்சீட்டில் நிற்கிறது. அம்மூட்டைகளைக் காக்கும் செலவு இதில் அடங்கியுள்ளதா? அடங்காவிடில், அன்பர்களே, அதை எங்கோ ஓர் உழவர் தம் நிலத்தால் செலுத்துகிறார்.