ஆளில்லாச் சாலை

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் நாள்தோறும் சைக்கிள் ஓட்டியவன் நான். தீபாவளிக் கூட்டத்திலும், நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவின் நெரிசலிலும், பேருந்துக்கும் கைவண்டிக்கும் நடுவே கிடைத்த முழ அகலத்தில் நுழைந்து போயிருக்கிறேன். ஒருநாளும் கீழே விழுந்ததில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் விழுந்தேன். அதில் காறை எலும்பு முறிந்தது. விழுந்த இடம் அடையாறு பெசன்ட் அவென்யூ. நேரம் காலை ஆறரை. சாலையில் அப்போது ஈ, காக்கை இல்லை.

இந்த விந்தையை எண்ணிப் பார்க்க, தோளில் கட்டுடன் கிடந்த ஆறு வாரங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

அது 2020-ஆம் ஆண்டின் கார்காலம். ஊரடங்கு தளர்ந்து பள்ளிவாசல்கள் திறந்திருந்தன. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டு, மந்தைவெளியைக் கடந்து, திரு.வி.க. பாலத்தின்மீது ஏறி, ஆறு கடலோடு சேரும் திசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, பெசன்ட் அவென்யூ வழியாக எலியட்ஸ் கடற்கரைவரை போய்த் திரும்புவது அந்நாளில் என் வழக்கம். பெசன்ட் அவென்யூவின் ஒருபுறம் பிரம்மஞான சபையின் நெடிய மதில். மதிலுக்கு மேலே மரங்களின் தழைப்பு. அந்த நிழலில் நுழைந்ததும் உஸ்மான் சாலையில் பழகிய கண்கள் தாமாகவே ஓய்வு கொண்டுவிடும். அன்றும் கொண்டன. மனமோ வீட்டுக் கணக்கில் மூழ்கியிருந்தது.

ஓரத்தில் ஒரு கார் நின்றது. அதன் அருகே நான் வந்த வேளையில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. பிரேக்கை இறுகப் பிடித்தேன். இரவு பெய்த மழையில் ரிம் நனைந்திருந்ததால் பிரேக் கட்டை வழுக்கிற்று. கதவின் விளிம்பில் மோதிச் சாய்ந்தேன்.

அந்த இளைஞர் நல்லவர். தம் காரிலேயே என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வழியெல்லாம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “மன்னிச்சிடுங்க பெரியவரே, யாரும் இல்லைன்னு நெனச்சேன்.”

வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. “நானும் அதையேதான் நெனச்சேன் தம்பி” என்றேன்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். எங்கள் தொழிலில் ஓர் அனுபவ உண்மை உண்டு. பெயர்களும் எண்களும் நெருங்கிக் கிடக்கும் கடினமான பக்கத்தில் பிழை தப்புவது அரிது. பெரிய எழுத்தில் நிற்கும் தலைப்பில்தான் அது தப்பும். ‘இங்கே என்ன பிழை இருக்கப் போகிறது’ என்று கண் அதைக் கடந்துவிடும். சாலைக்கும் இது பொருந்துகிறது. நெரிசலில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். அமைதியான தெருவிலோ பார்க்க வேண்டிய இருவரும் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

அதோடு, வெறிச்சோடிய சாலை வேகத்தை அழைக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் காரோ அதே நொடியில் 16 மீட்டரைத் தாண்டிவிடும். கண் கண்டதை மனம் உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு நொடி, சில வேளை அதற்கு மேலும் ஆகும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நெரிசலில் தட்டினால் சிராய்ப்போடு போவது, ஆளில்லாச் சாலையில் உயிரைக் கேட்பது இதனால்தான்.

2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையின் பாம் பீச் சாலையில், காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, பின்னால் வந்த வாடகைக் கார் மோதி அவதார் சைனி உயிரிழந்தார். பெண்டியம் கணிப்பொறிச் சில்லின் உருவாக்கத்தில் பங்குகொண்ட பொறியாளர் அவர். வயது 68. செய்தியைப் படித்தபோது என் கை தானாகக் காறை எலும்பைத் தடவிற்று. அவர் என்ன தவறு செய்தார் என்று தேடுவது முறையன்று. விடியற்காலைச் சாலை நமக்கு மட்டும் வெறுமையாகத் தெரிவதில்லை. நம் பின்னே வருபவனுக்கும் அப்படியே தெரிகிறது.

இவ்வளவும் என் மனத்தில் கிடக்கையில்தான் என் பேரன் சைக்கிள் கேட்டான். மந்தைவெளியிலிருந்து இராஜா அண்ணாமலைபுரத்துக்குத் தனிப்பயிற்சிக்குப் போய்வர வேண்டும், வயது பதினான்கு. என் மகள் ஒரே சொல்லாக மறுத்துவிட்டாள். “உங்களுக்கே அப்படி ஆச்சே அத்தா, பச்சப் பிள்ளைய எப்படி அனுப்புறது?” என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால், வாசலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளை சாலையை என்றைக்குக் கற்பான்? ஒரு மாதம் அவனை என்னோடு விடும்படி கேட்டுக்கொண்டேன்.

முதல் நாளே காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொன்னேன். மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி வரும் காலம் இது. காதும் ஒரு கண்தான். தலைக்கவசத்தை நானும் அணிந்துகொண்டேன். பெரியவர் அணியாததைச் சிறுவர் அணிவதில்லை. நின்றிருக்கும் கார்களுக்கு ஒரு கதவகலம் விட்டு ஓட்டவும், உள்ளே தலை தெரிகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று முன்கூட்டியே பார்க்கவும் கற்றான். வளைவுகளில் படிந்த மணல், மழைக்குப்பின் ஒட்டிக்கிடக்கும் இலைகள், வண்ணம் அழிந்த வேகத்தடை ஆகியவற்றைத் தொலைவிலேயே சொல்ல வேண்டும் என்று பந்தயம் வைத்தேன். நாய் துரத்தினால் பதறி மிதிக்காமல் வேகத்தைக் குறைக்கப் பழகினான். ஈரநாளில் பிரேக்கை முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளும் வழக்கமும் வந்தது. மாலையில் முன்னும் பின்னும் விளக்கு எரியும். என் அத்தா டைனமோ விளக்கைப் பூட்டித் தந்த நாளில், விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டுமன்று, நம்மைப் பிறர் பார்ப்பதற்கும்தான் என்று சொன்னதை அவனுக்கும் சொன்னேன்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாலையைச் சரிபண்ணாம பிள்ளையை மட்டும் திருத்தினா போதுமா?” என்றாள். போதாதுதான். நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டு மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். பிள்ளைகளை வீட்டில் பூட்டுவதற்குப் பதிலாக, அந்நாடு காலப்போக்கில் சாலைகளைத் திருத்திற்று. நம் நகரிலும் 2014-இல் எலியட்ஸ் கடற்கரைச் சாலை ஞாயிறு காலைகளில் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் விடப்பட்டது. 2019-இல் பாண்டி பஜாரில் நடப்போருக்கான வளாகம் திறக்கப்பட்டது. தொடக்கங்கள் இவை, கேட்டுப் பெற வேண்டியவை இன்னும் எத்தனையோ.

கேட்காமலே நாம் செய்யக்கூடியவையும் உண்டு. கார் வைத்திருக்கும் அன்பர்கள் வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகட்டும். அப்போது உடல் தானே திரும்பும், கண் பின்னால் பார்க்கும். பிரிட்டனின் சாலை விதி நூலில் 2022-இல் சேர்க்கப்பட்ட அறிவுரை இது. அந்த இளைஞர் இதை அறிந்திருந்தால் என் எலும்பு தப்பியிருக்கும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றவர்கள் நாம். நம் அலட்சியமே பிறருக்கு இடையூறாக நிற்கலாமா?

மாதம் முடிந்தது. மகள் அரைமனத்தோடு இசைந்தாள். பேரன் தனியே புறப்பட்ட மாலையில் நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். தெருவில் ஒருவரும் இல்லை. முனையில் அவன் காலை ஊன்றி நின்றான். வலப்புறம் பார்த்தான், இடப்புறம் பார்த்தான், மீண்டும் வலப்புறம் பார்த்தான். பிறகு, வருவார் போவார் எவரும் இல்லாத அந்த வளைவில், மணியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்பினான்.

“யாருமே இல்லையே அத்தா, யாருக்கு மணியடிக்கிறான்?” என்றாள் மகள்.

நான் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும். அவன் திரும்பி வரும்வரை இருவரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.