மாட்டுக்குப் பல்லு, லேப்டாப்புக்கு?

போன மாசம் சித்தப்பா பையனோட லேப்டாப் ஒரு நாள் காலையில எழுந்திரிக்கவே இல்ல. முந்தின ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்ததுதான். கடையில காட்டினா, "எஸ்எஸ்டி போயிடுச்சுங்க, உள்ள இருந்தது எதையும் எடுக்க முடியாது"ன்னுட்டாங்க. அவன் பொண்ணோட சீர் போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு.

அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. என் லேப்டாப்லயும் எஸ்எஸ்டிதான். 2015-லிருந்து எழுதின வரவு செலவுக் கணக்கு, மாசாமாசம் கிணத்துத் தண்ணி எத்தனை அடியில நின்னுச்சுங்கிற குறிப்பு, அப்பா ஏர் ஓட்டுற ஒரே ஒரு வீடியோ, எல்லாம் அதுக்குள்ள.

பழைய ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போறதுக்கு முன்னாடி பெரும்பாலும் கடகடன்னு சத்தம் கொடுக்கும். மோட்டார் பேரிங் தேயுற மாதிரி காதுலயே தெரிஞ்சுடும். எஸ்எஸ்டிக்குள்ள சுத்துற சாமானே கிடையாது. சத்தமில்லாம போய்ச் சேர்ந்துடும்.

மறுநாள் காலேஜ்ல படிக்கிற அக்கா பையன் வந்தான். "மாமா, மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாப்பீங்கல்ல? இதுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு"ன்னு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். எஸ்எஸ்டி தன்னைப் பத்தித் தானே எழுதி வெச்சுக்கிற ஸ்மார்ட் குறிப்பை அது எடுத்துக் காட்டுது.

மேல 'குட், 93%'னு இருந்துச்சு. அது மிச்சமிருக்கிற ஆயுசு. கீழ 'பர்சென்டேஜ் யூஸ்டு'ன்னா தேய்ஞ்சது, எனக்கு 7. 'அவைலபிள் ஸ்பேர்' 100. நடவுல பட்டுப்போன இடத்துக்கு நட, ஓரமா ஒரு கட்டு நாத்து வெச்சிருப்போமே, அது மாதிரி மாத்து இடம். அது குறைய ஆரம்பிச்சா உஷாராகணும். 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்யமா இருக்கணும், இருந்துச்சு.

'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்'ல மட்டும் டி4-ன்னு ஏதோ போட்டிருந்துச்சு. அந்த எண்ணெல்லாம் பதினாறின் அடிமானத்துல வருமாம். ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ்னு போய் 10-ன்னு மாத்தினா நம்ம கணக்குக்கு வந்துச்சு: 212. முறையா அணைக்காம 212 தடவை கரண்ட் அறுந்திருக்கு!

யோசிச்சுப் பாத்தா தப்பு என்னோடதுதான். பேட்டரி செத்து ரெண்டு வருசம் ஆச்சு. கரண்ட்லயே ஓட்டிட்டு இருந்தேன். ஒவ்வொரு பவர் கட்டுக்கும் பொட்டுன்னு அணைஞ்சிருக்கு. எழுதிட்டு இருக்கும்போது அறுந்தா ஃபைல் கெட்டுப்போகலாம். மறுநாளே புது பேட்டரி போட்டேன்.

"93 இருக்கே, இன்னும் பல வருசம் வருமாடா?"ன்னு கேட்டேன். "தேய்மானத்தைத்தான் மாமா அது சொல்லும். உள்ள இருக்கிற சிப்பு திடீர்னு போனா முன்கூட்டிச் சொல்லாது"ன்னான். சரிதான். நல்ல பல்லு இருக்கிற மாட்டையும் ராத்திரி பாம்பு கடிச்சிடுது.

விதை நெல்லை ஒரே இடத்துல வெக்க மாட்டோம். கணக்கையும் வீடியோவையும் இத்தனை வருசம் அப்படித்தான் வெச்சிருந்திருக்கேன். இப்போ வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ணுல ஒரு பிரதி, டவுன்ல அக்கா வீட்டுல இன்னொண்ணு. அமாவாசைக்கு ஏர் பூட்டறதில்ல. அன்னைக்கு எஸ்எஸ்டி எண்ணைப் பாத்துட்டு, புதுசா சேர்ந்ததைப் பிரதி எடுத்துடறேன்.

நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. பிரதி எடுத்துட்டு அப்புறம் பாத்தா இன்னும் நல்லது.