நள்ளிரவுச் சாலையில் ஒரு கூகை

சென்ற ஐப்பசியில், சிவனியில் நண்பர் ஒருவர் இல்லத்தில் துக்கம் விசாரித்துவிட்டு, அன்னையாருடன் வாடகைக் காரில் நாகபுரி திரும்பிக்கொண்டிருந்தோம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவதால், நம்மவர்க்கு அது ஊர்ப்பாதையுமாகும்.

பெஞ்ச் கானகத்தை ஊடறுத்துச் செல்லுமிடங்களில், புலியும் மானும் அடியிற் கடந்து செல்லும்பொருட்டுச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நடப்பனவற்றுக்கு வழி கிடைத்தது; தாழப் பறப்பனவற்றுக்கு?

காடு கழிந்து வயல்கள் தொடங்கிய இடத்தில், விளக்கொளியில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. வண்டி நின்றது. பத்தடி தொலைவில், நடுச்சாலையில் ஒரு கூகை! நெஞ்சுருவில் வெண்முகம், பொன்னிற முதுகு, காலடியில் ஓர் எலி. இமையாது எங்களையே நோக்கியது.

லாரிகள் சிந்தும் தானியத்துக்கு எலி வருகிறது. எலிக்குக் கூகை வருகிறது. இருளுக்கென விரிந்த கண்களில் விளக்கொளி பாய்ந்ததும் அது திகைத்துவிடுகிறது. வண்டிகளில் அடிபடுவது இவ்வாறுதான்.

ஓட்டுநர் மெல்ல, “பாபுஜி, தீபாவளி நெருங்குகிறது. இதற்கு நல்ல விலை உண்டு” என்று கதவைத் திறக்கலானார். வடநாட்டில் ஆந்தை இலக்குமியின் வாகனம். ஆயினும் அந்நாளிலேயே அதனைப் பலியிடுவோரும் உளர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்றோம். அவர் தயங்கினார்.

எமக்கோ அன்னையாரைப் பற்றியே அச்சம். ஆந்தை அலறினால் சாவு என்று சன்னலைச் சாத்துபவர் அவர். அன்றோ துக்க வீட்டிலிருந்து வருகிறோம். ஆனால் அவர் சொன்னது இதுதான்: “விளக்கை அணைக்கச் சொல்லப்பா. பாவம், அதுக்குக் கண் கூசுது. வீட்டிலே குஞ்சு பசியோடே இருக்குமோ என்னவோ.”

வண்டியை ஓரங்கட்டி விளக்கை அணைத்தோம். சிறிது நேரம் இருள். பிறகு எங்கள் தலைக்கு மேலே வெண்சிறகு ஒன்று கடந்தது, எள்ளளவும் ஓசையில்லை. இறகின் ஓரத்திலுள்ள மெல்லிய சீப்புப் பற்கள் காற்றின் ஒலியை அடக்கிவிடுகின்றன. எலியையும் அது விட்டுச் செல்லவில்லை!

இரவில் வண்டியிற் செல்லும் அன்பர்கள், வயலோரச் சாலைகளில் வேகத்தைச் சற்றே குறைப்பார்களாக. கூகை எதிர்ப்பட்டால் ஓரமாக நின்று விளக்கைத் தாழ்த்தினாற் போதும். அதற்கு வழி தெரியும்.

இப்போது எங்கள் குடியிருப்பு வேப்பமரத்தில் ஆந்தை அலறினால், அன்னையார் சன்னலைச் சாத்துவதில்லை. “எலி கிடைச்சிருக்கும்” என்கிறார்.