ஒருவருக்கு ஒரு கணக்கு

நம் பினாங்கு ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட் பக்கம் சில சின்ன அலுவலகங்களில் இன்றும் எல்லா வாடிக்கையாளருக்கும் கோப்பு அனுப்ப, எடுக்க ஒரே எஃப்டிபி கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. ஒருவருடைய சம்பளப் பட்டியலை இன்னொருவர் திறந்து பார்க்கலாம். மனசு பதறுகிறது.

எஃப்டிபியின் முதல் வடிவத்தை 1971இல் எழுதியவர் அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண். அன்றைய வலையமைப்பில் இருந்தவை சில ஆய்வுக்கூடங்களே. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் அந்த முறை இன்றைய இணையத்துக்குப் போதாது.

எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள். அதற்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் இலவசம்தான். ஆளுக்கொரு கணக்கு கொடுத்து, 'சிஹெச்ரூட்' என்ற அமைப்பு மூலம் அவரவரை அவரவர் கோப்புறைக்குள்ளேயே நிறுத்துங்கள். கட்டளை ஓட்டும் உரிமை வேண்டாம். பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்: அவரவரை நிறுத்தும் அந்த மேல் கோப்புறை, நிர்வாகியான ரூட் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுத முடியக்கூடாது. இல்லாவிட்டால் இணைப்பே கிடைக்காது. கோப்பு ஏற்ற உள்ளே தனிக் கோப்புறை வையுங்கள். அவசரத்தில், யாரும் எழுதக்கூடிய 777 அனுமதி கொடுத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடுங்கள். கசிவு நேர்ந்தால் மறைக்கவும் முடியாது: 2025 ஜூன் முதல், மலேசியாவில் பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பினாங்கில் யாருக்காவது உதவி தேவையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமை வந்து அமைத்துத் தருகிறேன்.