ஃபோர்மனா, டைசனா: இரண்டு பைகள் சொல்லும் சாட்சி

2025 மார்ச் 21 அன்று குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் தன் 76ஆவது வயதில் காலமானதும், இரங்கல் குறிப்புகளுக்கு நடுவே பழைய வழக்கு ஒன்று மறுபடி விசாரணைக்கு வந்தது. 1973ஆம் ஆண்டின் ஃபோர்மனும் 1988ஆம் ஆண்டின் மைக் டைசனும் ஒரே ரிங்கில் ஏறியிருந்தால் யார் விழுந்திருப்பார்? வாதத்தில் இறங்குகிறவர்கள் முதலில் கணக்கை எடுத்துப் போடுவார்கள். ஃபோர்மனுக்கு 76 வெற்றி, அதில் 68 நாக் அவுட். டைசனுக்கு 50 வெற்றி, அதில் 44. பிறகு யார் குத்து பலமானது என்ற இடத்தில் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும். இருவர் குத்தும் ஆளைச் சாய்க்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே பலத்தை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. குத்து ஒரு கைத்தொழில். பயிற்சிக்கூடத்தில், வாத்தியார் கண்ணெதிரே, ஒரே கருவியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அது கைக்கு வருகிறது. அந்தக் கருவிகளைப் போய்ப் பார்ப்பதே சரியான விசாரணை என்பது என் கட்சி. என் விடை ஃபோர்மன்தான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் என்ற சிற்றூர். அங்கே போலீஸ் நிலையத்துக்கு மேல் மாடியில் கஸ் டமாட்டோ நடத்திய கூடத்தில்தான் டைசன் பையனாக வந்து சேர்ந்தார். அங்கே முக்கியமான கருவி கனத்த பை அல்ல. கயிற்றில் தலை உயரத்துக்குத் தொங்கும் ஒரு சின்னப் பை. அதைத் தள்ளிவிட்டால் ஊஞ்சலாடித் திரும்பி வரும். வரும்போது தலையை ஓர் அங்குலம் மட்டும் விலக்க வேண்டும். அதிகம் விலக்கினால் திருப்பி அடிக்கக் கால் தோதாக நிற்காது, குறைவாக விலக்கினால் பை நெற்றியில் இடிக்கும். இரண்டு கைகளும் கன்னத்தோடு ஒட்டியிருக்க, இடுப்பை மடக்கி, இடமும் வலமுமாக மணிக்கணக்கில் இதே வேலை. இன்னொரு கருவிக்கு ‘வில்லி’ என்று பெயர். மெத்தைகளைச் சுற்றிக் கட்டிய ஓர் ஆள் உருவம், தாடை, விலா, ஈரல் என்று குத்த வேண்டிய இடங்களுக்கு எண் போட்டிருக்கும். டமாட்டோவின் சீடர் ஹோசே டொரஸ் 1965இல் வில்லி பாஸ்ட்ரானோவோடு மோதப் போகும்போது எதிராளியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒலிநாடாவில் டமாட்டோவின் குரல் எண்களைக் கூப்பிடக் கூப்பிட, யோசிக்க நேரமில்லாமல் கை அந்த இடத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டு கருவிகளும் சேர்ந்து ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தருகின்றன. எதிராளியின் குத்து தலையைத் தாண்டிப் போகும் அந்தக் கணத்தில் நீ அவன் நெஞ்சுக்கு அருகில் இருக்க வேண்டும். 5 அடி 10 அங்குல உயரமும் 71 அங்குலக் கைவீச்சும் கொண்ட ஹெவிவெயிட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஃபோர்மனின் கருவி எல்லாக் கூடங்களிலும் தொங்கும் சாதாரணக் கனத்த பை. அவருடைய பயிற்சியாளர் டிக் சாட்லர் அதைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்வார், ஃபோர்மன் ஒரே இடத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார். 1974இல் கின்ஷாசாவில் அந்தப் பயிற்சியைப் பார்த்த பத்திரிகையாளர்கள் பையில் விழுந்த பள்ளத்தைப் பற்றித்தான் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். எனக்குப் பள்ளத்தைவிட, பையை அசையாமல் பிடித்திருந்த ஆள்தான் முக்கியமாகப் படுகிறார். பிடித்து நிறுத்திய பொருளை அடித்தே பழகிய கை, ரிங்கிலும் எதிராளியை முதலில் நிறுத்தப் பார்க்கும். ஃபோர்மன் செய்தது அதைத்தான். காலால் மூலைகளை அடைத்துக்கொண்டு வருவார். நெருங்கி வரும் ஆளின் தோளில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஒரு தள்ளு. ஆள் அரை அடி பின்னால் போய், நிமிர்ந்து, குதிகாலில் நிற்பார். ஃபோர்மனின் 78 அங்குலக் கைக்கு அதுவே அளவெடுத்த தூரம். அந்தத் தள்ளலை முரட்டுத்தனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கண்ணுக்கு அவர் தொழிலிலேயே நுட்பமான வேலை அதுதான்.

1973 ஜனவரி 22, கிங்ஸ்டன். ஃபோர்மனுக்கு எதிரே, அதுவரை தோற்றறியாத ஜோ ஃப்ரேசியர், இரண்டு வருஷம் முன்பு முகமது அலியையே கீழே தள்ளி வென்றவர். அவரும் டைசனைப் போலக் குட்டை, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே புகுந்து அடிப்பவர். இரண்டு ரவுண்டு முடிவதற்குள் ஆறு முறை விழுந்தார். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், குனிந்து வரும் தலையைக் கீழேயிருந்து வலது அப்பர்கட் எதிர்கொள்வது தெரியும். கடைசி அடியில் ஃப்ரேசியரின் பாதங்களே தரையை விட்டுக் கிளம்பின. இதற்கு உடனே மறுப்பு வரும்: டைசன் ஃப்ரேசியர் அல்ல. நியாயமான மறுப்புதான். ஃப்ரேசியர் சூடேற நேரம் எடுப்பவர், நம்பியது பெரும்பாலும் இடது ஹூக்கை மட்டுமே, தலையாட்டமும் ஒரே தாளத்தில் இருக்கும். டைசனுக்கு இரு கையும் ஆயுதம், மணி அடித்ததும் பாய்வார், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்தவர். முதல் பாய்ச்சலில் அவர் ஃபோர்மனைத் தொட்டுவிடுவார் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்மன் கைகளை அகல விரித்து அடிப்பவர், அந்த இடைவெளியில் சிறிய நேர்க்குத்துகள் புகும். முதல் ஒரு நிமிஷத்தில் டைசன் ஜெயித்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் தள்ளப்பட்ட பிறகு என்ன? மறுபடி அதே தூரத்தைக் கடக்க வேண்டும், மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு நுழைவுக்கும் அந்த அப்பர்கட்டுக்குச் சுங்கம் கட்ட வேண்டும். டைசனின் உச்ச காலத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1987இல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப் பிடித்தே 12 ரவுண்டு ஓட்டினார், அந்தப் பிடிக்குள் டைசன் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு டோனி டக்கர் முதல் ரவுண்டிலேயே ஓர் இடது அப்பர்கட்டால் அவரைப் பின்வாங்க வைத்தார், அந்தச் சண்டையும் 12 ரவுண்டு நீண்டது. இருவரும் நல்ல உயரம், இருவரிடமும் ஃபோர்மனின் கை இல்லை. டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் டைசனைச் சாய்த்த தொடரும் ஓர் அப்பர்கட்டில்தான் தொடங்கியது. அன்று டைசன் மூலையில் அவருடைய பழைய பயிற்சியாளர் கெவின் ரூனி இல்லை, பயிற்சி இல்லை என்பார்கள். உண்மை. வீங்கிய கண்ணை அழுத்தக் குளிர்ந்த உலோகக் கட்டிகூட இல்லாமல், ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். தொழில் தெரிந்த எந்த மூலையாளும் செய்யாத காரியம். எனவே டக்ளஸ் சண்டைக்கு நான் பாதி மதிப்பே கொடுக்கிறேன். 1987இல் ரூனி மூலையில்தான் இருந்தார்.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு, இந்த விவாதத்தில் அதை எடுப்பவர்கள் குறைவு. வடசென்னையில் சார்பட்டா, இடியப்பா என்று பரம்பரை பேசுவார்களே, அப்படிப் பேசினால் டைசன் ஃப்ளாய்ட் பாட்டர்சனின் பரம்பரை. கன்னத்தில் கையை ஒட்டி ஆடும் அதே முறையை டமாட்டோ முதலில் சாம்பியன் ஆக்கியது பாட்டர்சன் வழியாக. ஃபோர்மன் சன்னி லிஸ்டனின் பரம்பரை. இளம் வயதில் லிஸ்டனோடு பயிற்சிச் சண்டை போட்டுத்தான் தொழில் பழகினார். இந்த இரண்டு மூத்தவர்களும் 1962 செப்டம்பரில் சிகாகோவிலும் 1963 ஜூலையில் லாஸ் வேகஸிலும் மோதினார்கள். இரண்டு முறையும் முதல் ரவுண்டிலேயே லிஸ்டன். அந்தச் சண்டை வேண்டாம் என்றார் டமாட்டோ. லிஸ்டனின் பின்னால் நின்ற ரவுடிக் கும்பலைக் காரணம் காட்டினார். பாட்டர்சன்தான் கேட்கவில்லை. பாட்டர்சன் எடை குறைந்தவர், அடிக்கடி விழுகிறவர், டைசனின் கழுத்தும் தாடையும் வேறு ரகம் என்ற தள்ளுபடியைக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகும் முறையின் பலவீனம் அப்படியே இருக்கிறது. நீண்ட கையும் கனத்த ஜாபும் உள்ளவன் பயப்படாமல் நின்றால், உள்ளே நுழைய வேண்டியவனுக்குத்தான் பாடு.

ஃபோர்மனைத் தோற்கடிக்கும் வழி ஊருக்கே தெரியும்: கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து எட்டாவது ரவுண்டு வரை அடிக்கவிட்டு ஆளைக் களைப்பாக்கினார். 1977இல் ஜிம்மி யங் நழுவி நழுவி 12 ரவுண்டு ஆடிப் புள்ளிகளில் ஜெயித்தார். இரண்டிலும் பை நிற்க மறுத்தது, அல்லது தானாகவே கயிற்றில் போய்த் தொங்கி அடித்தவனை ஓய வைத்தது. டைசனால் இரண்டும் ஆகாது. அவர் தானாக நடந்து ஃபோர்மனின் கைக்குள் வருபவர். சரி, ரான் லைல் 1976இல் ஃபோர்மனை இரண்டு முறை விழ வைத்தாரே, டைசன் செய்ய மாட்டாரா என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் ஃபோர்மன் எழுந்து ஐந்தாவது ரவுண்டில் லைலை முடித்தார். டைசன் தரையிலிருந்து எழுந்து ஜெயித்த சண்டை ஒன்றுகூடக் கிடையாது. தள்ளுவது விதிமீறல், ரெஃபரி விடமாட்டார் என்பது கடைசி வாதம். எச்சரிப்பார், மறுபடி எச்சரிப்பார், புள்ளி வெட்டுவார். அதற்குள் மூன்றாவது ரவுண்டு வந்திருக்கும். என் கணக்குப்படி அதற்கு மேல் சண்டை போகாது.

நிஜத்தில் இது நடந்திருக்கக்கூடிய வருஷம் ஒன்றும் இருந்தது. 1990 ஜூன் 16, லாஸ் வேகஸில் சீஸர்ஸ் பேலஸ். ஒரே இரவு, ஒரே ரிங். டைசன் ஹென்றி டில்மனை முதல் ரவுண்டில் சாய்த்தார், ஃபோர்மன் அடில்சன் ரோட்ரிக்ஸை இரண்டாவதில். அடுத்தது இவர்கள் இருவருமே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நடக்கவில்லை. யார் யாரோடு மோத வேண்டும் என்பதை இந்தத் தொழிலில் குத்துபவன் முடிவு செய்வதில்லை. ஃப்ரேசியரோடு அரங்குக்கு வந்து ஃபோர்மனோடு வெளியே போன சண்டை ஏற்பாட்டாளர் டான் கிங் என்ற கதை கிங்ஸ்டனிலிருந்தே ஓடுகிறது. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவரும் கிங்தான். பிற்பாடு டைசன் அவர் மேல் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2004இல் 1 கோடியே 40 லட்சத்துக்குச் சமரசமானார், அதற்கு முந்தைய ஆண்டே திவாலாகியிருந்தார். ஃபோர்மன் தப்பித்ததும் குத்தினால் அல்ல, சமையலறை கிரில்லால். அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்கு 1999இல் அவருக்குக் கிடைத்தது 13 கோடியே 75 லட்சம் டாலர். அந்த 1990 சண்டை நடந்திருந்தால் என் தீர்ப்பு மாறும். 41 வயது, 250 பவுண்டுக்கு மேல் எடை, மெதுவான கால்கள். ஆளை நிறுத்தும் தள்ளல் அப்போதும் கையில் இருந்தது, நிறுத்திய இடத்துக்கு உடனே போய்ச் சேரும் கால்தான் இல்லை. பத்து ரவுண்டு நடந்தால், புள்ளிகளில் டைசன்.